கடுப்பு என்றொரு சொல்



நான் மருத்துவம் படித்தபோது பாடநூலில் ‘டெனெஸ்மஸ்’ என்று ஒரு சொல் வந்தது. மலம் கழித்து முடித்த பிறகும் இன்னும் பாக்கி இருப்பதுபோல் குடல் உந்துகிறது. போய் உட்கார்ந்தால் துளி சளியோ துளி ரத்தமோ வருகிறது, வேறொன்றும் வருவதில்லை. எழுந்து கை கழுவுவதற்குள் மறுபடி உந்துகிறது. இத்தனையையும் சேர்த்துச் சொல்ல அந்த ஒரு சொல். பேராசிரியர் அதை விளக்கிக்கொண்டிருந்தபோது என் காதில் பாட்டியின் குரல்தான் ஒலித்தது. “புள்ளைக்குச் சீதக்கடுப்பு கண்டிருக்கு” என்பார் அவர். என்னோடு படித்த யாழ்ப்பாணத்து நண்பர் ‘வயிற்றுளைவு’ என்பார். பாடநூல் மூன்று வரியில் சொன்னதை நம் வீட்டுப் பெண்கள் ஒரே சொல்லில் சொல்லிவைத்திருந்தார்கள்.

கடுப்பு மட்டுமா? சீதம், உளைச்சல், பொருமல், இரைச்சல், உப்புசம், பவுத்திரம் என்று குடல் படுகிற பாட்டுக்குத் தமிழில் சொற்கள் நிறைய இருக்கின்றன. இவ்வளவு சொற்களை வைத்துக்கொண்டு, டாக்டர் எதிரே வந்து உட்கார்ந்ததும் நாம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: “வயிறு சரியில்ல சார்.”

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி மாணவர் வந்தார். இருபது வயது. அவரும் அப்படித்தான் சொன்னார். பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். அப்பாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, “தம்பி, ஒரு நாளைக்கு எத்தனை தடவை போறீங்க?” என்று கேட்டேன். வெகுநேரம் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். “எட்டு... பத்துகூட இருக்கும்.” ரத்தம் போகிறதா என்றேன். தலையாட்டினார். எவ்வளவு நாளாக? “போன ஆடியிலிருந்து.” அப்போது பங்குனி நடந்துகொண்டிருந்தது. எட்டு மாதம் விடுதிக் கழிவறையில் தனியாக ரத்தத்தைப் பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வகுப்புக்குப் போய் வந்திருக்கிறார். அதற்கு முன்பு இரண்டு மருத்துவரைப் பார்த்திருந்தார். அவர்கள் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

அவருக்கு இருந்தது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். அதையும் அதற்கு உறவான க்ரோன் நோயையும் சேர்த்துக் குடல் அழற்சி நோய் என்கிறோம். இந்த இரண்டையும் காலத்தில் கண்டுகொள்வதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். கண்டுகொள்கிற வேலை, குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் ஸ்கோப் அறையில் தொடங்குவதில்லை. வீட்டில், நோயாளியின் வாயில் தொடங்குகிறது. அந்த வாய் திறக்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஒரு மணி நேரம்.

முதலில் நோயைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் உடம்பில் கிருமிகளை எதிர்க்கும் காவல்படை ஒன்று உண்டு. குடலுக்குள் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களோடு அது சமாதானமாக இருக்கப் பழகியிருக்கிறது. சிலருக்கு அந்தச் சமாதானம் குலைந்து, காவல்படை குடல் சுவரையே தாக்கத் தொடங்குகிறது. ஓயாமல் தாக்குகிறது. இடையில் சில மாதம் அடங்கும், பிறகு கிளம்பும். பிறவியாக வரும் மரபணுக் கூறுகள், குடல் நுண்ணுயிர்களில் ஏற்பட்ட மாற்றம், வாழும் சூழல் என்று பல சேர்ந்து இதைக் கிளப்புகின்றன. காரம் சாப்பிட்டதால் வந்த நோய் இது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கவலைப்பட்டதால் வந்தது என்றாலும் நம்பாதீர்கள். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றவும் தொற்றாது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சுவரை வைத்துச் சொல்கிறேன். கொலைட்டிஸில் கெடுவது சுவரின் பூச்சு மட்டும். மலக்குடலில் தொடங்கி, ஒரு இடம் விடாமல் மேல்நோக்கிப் பெருங்குடலில் பரவும். பூச்சு உரிந்த இடமெல்லாம் ரத்தம் கசியும். க்ரோன் அப்படி இல்லை. அது செங்கல்வரை இறங்கும். வாயிலிருந்து ஆசனவாய்வரை எங்கு வேண்டுமானாலும் வரும். இங்கே கொஞ்சம் இருக்கும், நடுவில் நல்ல குடல் இருக்கும், அப்புறம் மறுபடி இருக்கும். சிறுகுடல் போய்ப் பெருங்குடலோடு சேரும் வலது அடிவயிறு அதற்குப் பிடித்த இடம். ஆழமாக இறங்குவதால் குடல் தடித்துச் சுருங்கி அடைபடும். சில சமயம் சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கத்து உறுப்புக்கே வழி வெட்டிவிடும்.

க்ரோன் என்பது ஒரு மருத்துவரின் பெயர். 1932இல் நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த க்ரோன், கின்ஸ்பர்க், ஒப்பன்ஹைமர் என்ற மூவர் 14 நோயாளிகளைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். ஆங்கில அகரவரிசையில் க்ரோனின் பெயர் முதலில் வந்தது, நோய்க்கும் அதுவே நிலைத்தது. ஆனால் அதற்கு 19 ஆண்டுகள் முன்பே, 1913இல், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து அறுவை மருத்துவர் கென்னடி டால்ஸியல் இதே நோயை விவரித்து எழுதியிருக்கிறார். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

குடல் அழற்சி வெள்ளைக்காரர்களின் நோய், நமக்கு வராது என்று நாங்களே நீண்டகாலம் படித்தோம். பஞ்சாபில் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கெடுப்பு ஒன்று 2003இல் வெளியானது. லட்சம் பேருக்குச் சுமார் 44 பேரிடம் கொலைட்டிஸ் இருந்தது என்றது அது. எங்கள் எண்ணம் அதோடு மாறியது. உலக அளவில் 2017இல் இந்த இரு நோய்களில் ஏதாவது ஒன்றோடு வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 68 லட்சம் பேர் என்பது ஒரு மதிப்பீடு. எந்த வயதிலும் வரலாம் என்றாலும், பதினைந்து முதல் முப்பத்தைந்துக்குள் வருவதுதான் அதிகம். படிப்பு, வேலை, கல்யாணம் என்று வாழ்க்கை தொடங்குகிற வயது.

சரி, எப்படிக் கண்டுகொள்வது?

நாள் கணக்கைத்தான் முதலில் பாருங்கள். வயிற்றுப்போக்கு எல்லோருக்கும் வரும். கல்யாண வீட்டுச் சாப்பாடு, மழைக்காலத்துத் தண்ணீர் என்று ஏதோ ஒன்றில் கிருமி போய்விடும். பெரும்பாலும் சில நாளில் நிற்கும், மிஞ்சினால் இரண்டு வாரம். அதற்கு மோரும், சுண்டைவற்றலும், மாதுளைத் தோல் கஷாயமும் வைத்துக் கொடுத்த அம்மாக்களை நான் ஒருநாளும் குறைசொல்ல மாட்டேன். ஆனால் நான்கு வாரத்தைத் தாண்டிய வயிற்றுப்போக்குக்குக் கிருமி மட்டும் காரணமாக இருக்கும் வாய்ப்பு குறைவு. அதை ஆராய்ந்தே ஆக வேண்டும். நடப்பதோ வேறு. மருந்துக்கடையில் போய் நின்று, “லூஸ் மோஷனுக்கு மாத்திரை கொடுங்க” என்கிறோம். மெட்ரோனிடசோல் நான்கு கொடுப்பார்கள். இரண்டு நாள் தேவலை, மறுவாரம் பழையபடி. மறுபடி அதே கடை, அதே மாத்திரை. தானாக அடங்கியும் கிளம்பியும் போவது இந்த நோயின் இயல்பு என்று சொன்னேன் அல்லவா? அது அடங்குகிற நேரத்தில் சாப்பிட்ட மாத்திரைக்கெல்லாம் பெயர் கிடைத்துவிடுகிறது. ஓராண்டு இப்படி ஓட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ராத்திரி. இந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்காமல் விடுவதில்லை: “தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டுப் போக வைக்கிறதா?” ஐ.பி.எஸ். என்று ஒரு கோளாறு உண்டு. அதிலும் வலி வரும், அடிக்கடி வெளிக்குப் போகும், பரீட்சை நாளில், பயண நாளில் அதிகமாகும். ஆனால் அந்தக் குடலில் புண் இல்லை. ஆள் தூங்கினால் பெரும்பாலும் அந்தக் குடலும் தூங்கும். அழற்சி உள்ள குடல் தூங்குவதில்லை. விடிகாலை இரண்டு மணிக்கு எழுப்பும், நான்கு மணிக்கு எழுப்பும். இரவில் எழுப்புகிற வயிற்றுப்போக்கு, ரத்தம், காய்ச்சல், எடைக்குறைவு, ரத்தசோகை: இவற்றில் ஒன்று இருந்தாலும் ஐ.பி.எஸ். என்று எழுதி அனுப்பிவிடக் கூடாது.

இதை நான் பாடநூலிலிருந்து மட்டும் கற்கவில்லை. மருத்துவனாகத் தொடங்கிய காலத்தில் ஒரு பெண் என்னிடம் வந்தார். வலது அடிவயிற்றில் வலி. அதற்கு முன் பார்த்தவர்கள் மனக்கவலை என்று சொல்லியிருந்தார்கள். எடை ஆறு கிலோ குறைந்திருந்ததை அவரே சொன்னார். கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த வீடு. அந்தக் கவலைதான் என்று நானும் நினைத்தேன். மனசை இலகுவாக வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன். பத்து மாதம் கழித்துக் குடல் அடைத்து, வயிறு பானைபோல் வீங்கி, வாந்தியோடு நள்ளிரவில் அவரைக் கொண்டுவந்தார்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. க்ரோன் நோய். அவர் சொன்ன அந்த ஆறு கிலோவை நான் காதில் வாங்கியிருந்தால் அந்த வெட்டு தேவைப்பட்டிருக்காது என்று சொல்ல முடியாது. ஆனால் பத்து மாத வலியாவது மிச்சமாகியிருக்கும். அன்றிலிருந்து என் அறையில் எடை பார்க்காமல் யாரும் வெளியே போவதில்லை.

ரத்தத்துக்கு வருகிறேன். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். நம் ஊரில் பேருந்து நிலையச் சுவர் எதைப் பார்த்தாலும் ‘மூலம், பவுத்திரம்’ என்று ஒரு விளம்பரம் இருக்கும். ஆசனவாயில் ரத்தம் என்றால் மூலம்தான் என்பது நமக்குச் சிறு வயதிலேயே மனத்தில் பதிந்துபோகிறது. உடம்பு சூடு, நிறைய உட்கார்ந்திருக்கிற வேலை, கோழிக்கறி என்று அதற்குக் காரணமும் தயாராக இருக்கும். தனியார் பேருந்து நடத்துநர் ஒருவர் மூன்று ஆண்டு மூலத்துக்கு மருந்து சாப்பிட்டுவிட்டு வந்தார். நாளெல்லாம் நின்றுகொண்டே இருப்பதால் வந்தது என்று நினைத்திருக்கிறார். நான் கேட்டேன்: ரத்தம் எப்படி வருகிறது?

மூலத்து ரத்தம் பெரும்பாலும் பளிச்சென்ற சிவப்பு. மலம் போன பிறகு சொட்டுச் சொட்டாக விழும், அல்லது பீறிடும். மலத்தோடு கலக்காது, தனியாக நிற்கும். சளி, கடுப்பு, அவசரம் எல்லாம் அதற்கு வழக்கமில்லை. கொலைட்டிஸ் ரத்தம் மலத்தோடும் சளியோடும் கலந்து வரும். வெறும் ரத்தமும் சளியுமாகவே சில நேரம் போகும். வந்தால் அடக்க முடியாது. நடத்துநர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: “சார், வந்திருச்சுன்னா அடுத்த ஸ்டாப்பு வரைக்கும்கூடத் தாங்காது. அதனால டூட்டி இருக்கிற அன்னிக்குக் காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடறதில்ல.” மூன்று ஆண்டுகளாகப் பட்டினியோடு பயணச்சீட்டு கிழித்திருக்கிறார். ஹீமோகுளோபின் ஏழுக்குப் பக்கத்தில் இருந்தது. படி ஏறினால் மூச்சு வாங்கியதை வயதுக்கோளாறு என்று எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு வயது முப்பத்தெட்டு.

இங்கே ஒரு எச்சரிக்கை. நோய் மலக்குடலோடு நின்றிருந்தால் வயிற்றுப்போக்கே இல்லாமல் மலச்சிக்கலாகக்கூடத் தெரியும். கெட்டியாகத்தான் போகிறது, ஆனால் மேலே சளியும் ரத்தமும் இருக்கிறது என்பார்கள். அதையும் மூலம் என்று தள்ளிவிட வேண்டாம். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக ரத்தம் வந்தால் புற்றுநோயும் கணக்கில் வரும். எந்த வயதானாலும், ரத்தத்தைக் கண்டால் ஒருமுறையாவது உள்ளே பார்த்துவிட வேண்டும் என்பதே என் கட்சி.

எண்ணிக்கையும் முக்கியம். 1955இல் ஆக்ஸ்ஃபோர்டில் ட்ரூலவ், விட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் கொலைட்டிஸுக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து பயன்படுகிறதா என்று சோதித்தார்கள். நோயின் கடுமையை அளக்க அவர்கள் வகுத்த அளவுகோலை இன்றும் நாங்கள் வைத்திருக்கிறோம். விலை உயர்ந்த கருவி எதுவும் அதற்கு வேண்டியதில்லை. ஒரு நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போகிறது. கூடவே நாடித்துடிப்பு 90க்கு மேல், அல்லது உடல்வெப்பம் 37.8 டிகிரி செல்சியஸுக்கு மேல், அல்லது ஹீமோகுளோபின் 10.5க்குக் கீழ், அல்லது இ.எஸ்.ஆர். என்ற ரத்தச் சோதனை 30க்கு மேல். அப்படியானால் அவர் அன்றே மருத்துவமனையில் சேர வேண்டியவர். வீட்டில் வைத்து மறுநாள் பார்க்கலாம் என்கிற நிலை அது அல்ல. கார்ட்டிசோனுக்கு முந்தைய காலத்தில் இப்படிப்பட்ட கடும் தாக்குதலில் பலர் இறந்துபோனார்கள்.

க்ரோன் நோயைக் கண்டுகொள்வது இன்னும் கடினம். அதில் ரத்தமே தெரியாமல் இருக்கலாம். வயிற்றுப்போக்கும் பெரிதாக இல்லாமல் இருக்கலாம். சாப்பிட்ட சிறிது நேரத்தில் வலி சுருட்டிப் பிடிக்கும், வயிறு உப்பும், ‘கடமுட’ என்று இரையும். இரைச்சல் ஓடி முடிந்ததும் வலி சட்டென்று தணியும். குறுகிய இடத்தைத் தாண்டி உணவு நகர்வதற்குக் குடல் போராடுகிற சத்தம் அது. நாளடைவில் சாப்பிடவே பயம் வந்துவிடும். துணிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு தங்கை காலையில் ஒரு டீயோடு சரி, இரவு வீட்டுக்குப் போய்த்தான் சாப்பாடு என்று பழக்கிக்கொண்டிருந்தார். கடையில் கழிவறைக்குப் போக மேற்பார்வையாளரிடம் கேட்க வேண்டும், எத்தனை தடவை கேட்பது என்றார். மெலிந்துபோனதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் டயட் என்று நினைத்தார்களாம்.

குழந்தைகளுக்கு வந்தால் வயிறு பேசாமல்கூட இருக்கும், உயரம் பேசும். வகுப்பில் நடு வரிசையில் நின்ற பையன் இரண்டு ஆண்டில் முதல் வரிசைக்கு வந்துவிடுவான். தம்பி அண்ணனைத் தாண்டி வளர்வான். பதினாலு, பதினைந்து வயதாகியும் குரல் உடையாது. பெண் பிள்ளை பூப்படையாமல் தள்ளிக்கொண்டே போகும். இங்கே ஆசிரியர்கள் நிறைய வந்திருப்பதால் சொல்கிறேன்: அடிக்கடி வயிற்றுவலி என்று விடுப்பு எடுக்கிற, வளராமல் நிற்கிற பிள்ளையைப் பள்ளிக்குப் போகாமல் இருக்க நடிக்கிறான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். உயரத்தையும் எடையையும் ஆண்டுதோறும் குறித்துவைத்திருக்கிற உங்கள் பதிவேட்டிலேயே விடை இருக்கக்கூடும்.

பவுத்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆசனவாய்க்குப் பக்கத்தில் கட்டி வந்து, உடைந்து, ஆறாமல் நீர் வடிந்துகொண்டே இருப்பது. பலருக்கு அது வெறும் பவுத்திரமாகவே இருக்கும், சிகிச்சையில் ஆறிவிடும். ஆனால் இளம் வயதில் இரண்டு மூன்று முறை அறுத்தும் திரும்பத் திரும்ப வந்தால், ஒரே சமயத்தில் இரண்டு மூன்று துளை இருந்தால், கூடவே எடை குறைந்தால், க்ரோன் உண்டா என்று பார்க்காமல் நான்காவது முறை கத்தி வைக்கக் கூடாது.

இன்னொரு விந்தை, இந்த நோய் குடலோடு நிற்பதில்லை. கண் சிவந்து வலித்து வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கண் மருத்துவரிடம் போவார்கள். முழங்காலும் கணுக்காலும் வீங்கி மூட்டு மருத்துவரிடம் போவார்கள். காலையில் எழுந்ததும் இடுப்பு விறைத்து, நடக்க நடக்கச் சரியாகிற முதுகுவலி இருக்கும். முன்காலில் சிவந்து வலிக்கிற கணுக்கள் கிளம்பும். வாய்ப்புண் வந்து வந்து போகும். அதற்கு வைட்டமின் மாத்திரை சாப்பிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மருத்துவர், ஒவ்வொரு கோப்பு. மூட்டு மருத்துவரிடம் போய் வயிற்றுப்போக்கைச் சொல்வானேன் என்று நோயாளி விட்டுவிடுகிறார். தயவுசெய்து சொல்லுங்கள். மூட்டுவலிக்கு எழுதும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் குடலைக் கிளப்பிவிடவும் கூடும்.

நம் நாட்டில் இந்த நோயைக் கண்டறிவதில் உள்ள பெரிய முடிச்சு காசநோய். இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். காசம் என்றால் நுரையீரல் என்று நினைக்கிறோம். அது குடலிலும் வரும். எங்கே வரும்? சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் அதே வலது அடிவயிற்றில். வலி, காய்ச்சல், எடைக்குறைவு, அடைப்பு எல்லாம் க்ரோனைப் போலவே. ஸ்கோப்பில் பார்த்தாலும் புண். சதை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தாலும் இரண்டிலும் ஒருவகைச் சிறு கணுக்கள். 1972இலேயே தில்லியைச் சேர்ந்த டாண்டன், பிரகாஷ் இருவரும் இந்த இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்று விரிவாக எழுதினார்கள். காசநோய்ப் புண் குடலைச் சுற்றிக் குறுக்கே ஓடும், க்ரோன் புண் நீளவாக்கில் ஓடும் என்பது போன்ற அடையாளங்கள் உண்டு. ஆனாலும் அனுபவசாலிகளே தடுமாறுகிற இடம் இது. காசக்கிருமியைச் சதையில் கண்டுபிடித்துவிட்டால் வழக்கு முடிந்தது. குடல் காசத்தில் பல நேரம் அது பிடிபடுவதே இல்லை.

தவறினால் என்ன? இருபுறமும் பள்ளம். க்ரோன் என்று நினைத்துக் காசநோய்க்காரருக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி உடம்பெல்லாம் பரவும், உயிருக்கே ஆபத்து. காசம் என்று நினைத்து க்ரோன் நோயாளிக்கு ஆறு மாதம் காசநோய் மருந்து கொடுத்தால், அந்த ஆறு மாதமும் குடல் சுருங்கிக்கொண்டே போகும். ஐயம் தீராத இடத்தில் பெரும்பாலும் காசநோய் மருந்தைத்தான் முதலில் தொடங்குகிறோம், அது நியாயமும்கூட. பிசகு அதற்குப் பிறகு நடக்கிறது. மருந்து தொடங்கிய சில வாரத்தில் க்ரோன் நோயாளிக்கும் கொஞ்சம் தேவலை ஆகலாம். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறது, மருந்து வேலை செய்கிறது என்று வீட்டில் மகிழ்ச்சி. நிறம் மாறுவது ரிஃபாம்பிசின் மருந்தின் சாயம், அவ்வளவுதான். புண் ஆறுகிறதா என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். இரண்டு மாதத்தில் மறுபடி ஸ்கோப் போட்டுப் பார்த்தால் காசப்புண் ஆறத் தொடங்கியிருக்கும். ஆறவில்லை என்றால் நோயறிதலையே மறுபடி யோசிக்க வேண்டும். உங்கள் வீட்டில் யாருக்காவது குடல் காசம் என்று மருந்து நடந்தால், “ரெண்டு மாசத்துல திரும்பப் பாக்கணுமா டாக்டர்?” என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. மருந்தைப் பாதியில் நிறுத்துவதுதான் தப்பு.

பரிசோதனைகளைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். முதலில் சாதாரண ரத்தப் பரிசோதனை, மலத்தில் கிருமி உண்டா என்ற சோதனை. மலத்தில் கால்ப்ரோடெக்டின் என்ற புரதத்தை அளப்பது இப்போது பல ஊர்களில் கிடைக்கிறது. அழற்சி உள்ள இடத்துக்குப் படையெடுத்து வரும் வெள்ளணுக்களிலிருந்து வரும் புரதம் அது. ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குடலில் அழற்சி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. தொற்றிலும் அது ஏறும் என்பதால், ஏறியிருப்பதை மட்டும் வைத்து இந்த நோய்தான் என்று சொல்லிவிட முடியாது. கடைசியில் கொலோனோஸ்கோப்பி, இதுவரை ஸ்கோப் என்று நான் சொல்லிவந்தது. முந்தைய நாள் குடல் சுத்தமாக மருந்து குடிக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் அதுதான் சிரமமான பகுதி. மறுநாள் மயக்க மருந்து கொடுத்துத்தான் பெரும்பாலும் செய்கிறோம். சிறுகுடலின் முனைவரை பார்த்து, சதை எடுத்துச் சோதிக்க வேண்டும். நோய் சிறுகுடலில் மேலே இருக்கலாம் என்று தோன்றினால் ஸ்கேன்.

சிகிச்சையை இன்று விரிவாகப் பேசப்போவதில்லை. மெசலமைன், அசத்தியோபிரின், 1998 முதல் புழக்கத்துக்கு வந்த இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற ஊசி மருந்துகள் என்று பலவும் உண்டு. வேரோடு பிடுங்கி எறிய இன்னும் வழி இல்லை. அடக்கி வைக்க வழி உண்டு. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுச் சில நாளில் சுகமானதும், அதே சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிற பழக்கம் மட்டும் வேண்டாம். எலும்பு கரையும், சர்க்கரை ஏறும். திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. சிகரெட் பிடிப்பவருக்கு க்ரோன் நோய் மோசமாகும் என்பதில் ஐயமே இல்லை. கொலைட்டிஸ் வந்து எட்டு ஆண்டு ஆனவர்கள், சுகமாக இருந்தாலும், புற்றுநோய்க்கான கண்காணிப்பு ஸ்கோப்பைத் தவறவிடக் கூடாது.

ஜப்பானின் பிரதமராக இருந்த ஷின்சோ அபேவுக்குப் பதின்ம வயதிலேயே கொலைட்டிஸ் வந்தது. 2007இல் பதவியை விட்டு விலகினார். இந்த நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசியது அதற்குப் பிறகுதான். மருந்தில் சுகமாகி 2012இல் மறுபடி பிரதமரானார். 2020 ஆகஸ்டில் நோய் திரும்பியபோது நாட்டு மக்கள் முன் நின்று அதன் பெயரைச் சொல்லியே விலகினார். ஒரு நாட்டின் தலைவருக்கே அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்ல அவ்வளவு காலம் பிடித்தது என்றால், விடுதி அறையில் இருக்கும் இருபது வயதுப் பிள்ளையை நான் எப்படிக் கோபித்துக்கொள்வது?

உங்களில் சிலர் துண்டுச்சீட்டில் கேள்வி எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். ஒரு தாயார், “மகளுக்குக் கல்யாணம் பண்ணலாமா, குழந்தை பிறக்குமா?” என்று கேட்டிருக்கிறார். தாராளமாகப் பண்ணலாம் அம்மா. நோய் சில மாதங்களாக அடங்கியிருக்கிற காலத்தில் கருத்தரித்தால் பெரும்பாலும் எல்லாம் நல்லபடியாகவே நடக்கிறது. கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து தாமாக மருந்தை நிறுத்தி, நோய் கிளம்பிவிடுவதுதான் தாய்க்கும் சேய்க்கும் கெடுதல். மெத்தோட்ரெக்ஸேட் போன்று கர்ப்பத்தில் ஆகாத மருந்துகளும் உண்டு. அதனால் குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் பேசிவிடச் சொல்லுங்கள். மாப்பிள்ளை வீட்டில் சொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சொல்லிவிடுங்கள். ஒளித்து வைத்து, மாத்திரையைக் குளியலறையில் மறைத்துச் சாப்பிடும் மருமகள்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு சீட்டு: “டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும் என்றே தெரிவதில்லை.” இதற்கு என்னிடம் வந்த ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். எழுதப்படிக்க அதிகம் தெரியாதவர், எண்கள் மட்டும் எழுதுவார். மகன் வெளிக்குப் போய்விட்டு வரும்போதெல்லாம், சுவரில் தொங்கிய தினசரி நாள்காட்டியில் அன்றைய தாளில் ஒரு கோடு போட்டிருக்கிறார். ராத்திரி போனால் கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி. ரத்தம் போனதாக மகன் சொன்ன அன்று மட்டும் குங்குமத்தைத் தொட்டுத் தாளில் வைத்திருக்கிறார். கிழித்த தாள்களை நூலில் கோத்து, மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்தார். ஐம்பத்திரண்டு தாள். மேஜையில் வரிசையாகப் பரப்பினேன். முதல் வாரம் மூன்று கோடு, நான்கு கோடு. மூன்றாவது வாரத்திலிருந்து புள்ளி. ஐந்தாவது வாரத்திலிருந்து பெரும்பாலான தாள் சிவந்திருந்தது. அந்தப் பையனை ஒரு கேள்வியும் கேட்காமலேயே ஸ்கோப்புக்கு எழுதினேன். தாள்களை அம்மா திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்று மாதம் கழித்து மறுபடி வந்தபோது புதிய தாள்களையும் கோத்துக்கொண்டு வந்திருந்தார். கடைசி இருபது தாளில் ஒவ்வொரு கோடுதான் இருந்தது.